மினசோட்டாவின் ஏரிகளும் எங்கள் குளங்களும்: கண்காட்சியில் எதை முதன்மைப்படுத்தலாம்?

ஒட்டுசுட்டான் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலையொன்றில் புவியியல் கற்பிக்கிறேன். பாடசாலைக் கண்காட்சிக்காகத் தரம் 10 மாணவர் குழுவொன்று ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைத் தெரிவு செய்திருக்கிறது. "பத்தாயிரம் ஏரிகள்" என்ற சொற்றொடரை அம்மாநில வாகனங்களின் இலக்கத்தகடுகளில் பொறித்திருப்பதைப் படத்தில் பார்த்தவுடனேயே, முத்தையன்கட்டுக் குளத்துக்கும் வவுனிக்குளத்துக்கும் இடையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மாநிலம் நெருக்கமானதாகத் தோன்றிவிட்டது.

அவர்கள் திரட்டிய தகவல்கள் குறைவானவை அல்ல. 1858 மே 11ஆம் திகதி 32ஆவது மாநிலமாகச் சேர்ந்தது, தலைநகர் சென்ற் போல், பெரிய நகர் மினியாபொலிஸ், 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 57 இலட்சம், மாநிலப் பறவை லூன், மாநில மரம் செம்பைன் என்று ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். இவற்றை வெட்டி மட்டையில் ஒட்டிவிடலாம்தான். ஆனால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன தொடர்பு என்று பார்வையாளர் ஒருவர் கேட்டால் பிள்ளைகளிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் என்னிடமும் முழுமையான பதில் இல்லை.

ஆகவே கேட்கிறேன். அந்த ஏரிகள் எங்கள் குளங்களைப் போன்றவையா? மாநிலச் சின்னங்களில் விளக்கிச் சொல்லத் தகுந்தவை எவை? மக்களைப் பற்றிச் சொல்லும்போது எதை விடக்கூடாது? அங்கே வாழ்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுடைய கருத்தை முதலில் அறிய விரும்புகிறேன்.

---

நெடுங்கேணியான் (தற்போது சென்ற் போல்) எழுதியது:

வணக்கம் ரீச்சர். உங்கள் முதற் கேள்விக்கு இல்லை என்பதே பதில். அந்த 'இல்லை'யை விளக்கினாலே உங்கள் கண்காட்சியின் பாதி வேலை முடிந்துவிடும்.

வன்னிக் குளம் என்பது மனிதர் கட்டியது. கனகராயன் ஆற்றை மறித்ததால் இரணைமடு உண்டானது. பாலியாற்றை மறித்ததால் வவுனிக்குளம் உண்டானது. கட்டும், மிகைநீர் வெளியேறும் வானும், நீரைத் திறந்துவிடும் துருசும் இல்லாமல் எங்களுக்குக் குளம் இல்லை. மினசோட்டாவின் ஏரிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை எவரும் கட்டவில்லை. கடைசிப் பனிக்கட்டிக் காலத்தில் அந்த மாநிலத்தின் பெரும்பகுதியை மூடியிருந்த பனிக்கட்டிப் படலம், ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்னர் வடக்கு நோக்கிப் பின்வாங்கியபோது, சில இடங்களில் பாறையைச் சுரண்டிப் பள்ளமாக்கிவிட்டுச் சென்றது. வேறு இடங்களில் மண்ணுக்கும் சரளைக்கும் அடியில் பெரும் பனிக்கட்டித் துண்டுகளைப் புதைத்துவிட்டுச் சென்றது. அத்துண்டுகள் உருகியபோது மேலிருந்த மண் உள்ளிறங்கி, அந்தக் குழிகளில் நீர் நிறைந்தது. 10 ஏக்கருக்குக் குறையாத பரப்புடைய ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வரும். இலக்கத்தகட்டில் இருப்பது அடக்கமாகச் சொல்லப்பட்ட எண்.

இதை மெய்ப்பிக்க மறுபக்கமும் உண்டு. மாநிலத்தின் 87 மாவட்டங்களுள் மோவர், ஓம்ஸ்ரெட், பைப்ஸ்ரோன், றொக் ஆகிய நான்கில் இயற்கையான ஏரி ஒன்றுகூட இல்லை. நான்கும் தெற்கு எல்லைப்பக்கத்தில் உள்ளவை. வடக்கிலும் நடுப்பகுதியிலும் கடைசிப் பனிக்கட்டிப் படலம் விட்டுச்சென்றவை போன்ற குழிகள் இந்த நான்கிலும் இல்லை. வரைபடத்தில் இந்த நான்கையும் வேறு நிறத்தில் காட்டினால், பனிக்கட்டியின் கதையை மாணவர் வாய்திறக்காமலே விளக்கிவிடலாம்.

அடுத்து, எங்கள் கமக்காரர் கேட்டால் நம்ப மாட்டாத ஒரு விடயம். வன்னியில் பருவமழை தரும் நீரைப் பிடித்து வைப்பதற்கே பாடுபடுகிறோம். தென் மினசோட்டாவில் சோளமும் சோயாவும் பயிரிடும் விவசாயியின் தொல்லையோ வயலில் நீர் தேங்குவது. ஆகவே அவர்கள் நிலத்துக்கு அடியில் துளையிட்ட குழாய்களைப் பதித்து, வேர்ப்பகுதியில் மிஞ்சும் நீரை வடித்து ஓடைகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த வடிகால்களால் விளைச்சல் பெருகியது. ஆனால் மாநிலத்தில் ஆதியில் இருந்த ஈரநிலங்களில் ஏறத்தாழ பாதி இல்லாமற் போனதற்கும் அவையே முதன்மைக் காரணம், பசளையின் நைத்திரேற்று ஆறுகளில் சேருவதற்கும் அவையே வழி. நீரைத் தேக்கும் ஊரையும் நீரை வடிக்கும் ஊரையும் ஒரே பலகையில் பக்கம் பக்கமாக வையுங்கள்.

வடமேற்கிலுள்ள செவ்வாற்றுப் பள்ளத்தாக்கு தனியாகக் கவனிக்கத் தக்கது. பனிக்கட்டி உருகிய நீர் அங்கே தேங்கி, இன்றைய வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தையும் சேர்த்தாலும் ஈடாகாத பரப்புடைய அகசீ என்ற ஏரியாகி, பின்னர் வடிந்துபோனது. அதன் அடித்தளமே இன்றைய மட்டமான வயல்வெளி. சீனி எடுக்கும் பீற் கிழங்கு உற்பத்தியில் மினசோட்டா நாட்டில் முதலிடம் வகிப்பது அந்த மண்ணால்தான். செவ்வாறு வடக்கே கனடாவை நோக்கி ஓடுவதால், வசந்த காலத்தில் தெற்கே உருகும் நீர், இன்னும் உறைந்து கிடக்கும் வடபகுதியை எதிர்கொண்டு பின்தேங்கி வெள்ளமாகிறது. 1997இல் அப்பள்ளத்தாக்கு நகரங்கள் அப்படித்தான் மூழ்கின. மாநிலத்தின் நீர் மூன்று திசைகளில் பிரிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வடக்கே ஹட்சன் குடா, கிழக்கே சுப்பீரியர் ஏரி வழியாக அத்திலாந்திக், தெற்கே மிசிசிப்பி வழியாக மெக்சிக்கோ குடா. மூன்றும் பிரியும் இடம் ஹிப்பிங் நகருக்கு அண்மையில் உள்ளது.

குளிரைப் பற்றி ஒரு வரி போதும்: 1996 பெப்ரவரி 2ஆம் திகதி ரவர் என்ற சிற்றூருக்கு அருகில் வெப்பநிலை ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழே 51 பாகை செல்சியசைத் தொட்டது.

---

முருங்கன் விவசாயப் போதனாசிரியர் (ஓய்வு) எழுதியது:

தம்பி சொன்னவற்றை ஆமோதிக்கிறேன். சின்னங்களைப் பற்றி நான் எழுதுகிறேன். பூ, மரம், பட்டாம்பூச்சி, மஃபின், பானம் என்று அவர்களிடம் பட்டியல் நீளமானது. பாலை மாநிலப் பானமாக அறிவித்ததில் விளக்குவதற்கு ஒன்றுமில்லை. பாற்பண்ணை அதிகம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 1977இல் மாநிலத் தானியமாக அறிவிக்கப்பட்ட காட்டரிசியை மாத்திரம் எடுத்துக்கொள்ளுமாறு சொல்வேன். கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வாழ்நாளெல்லாம் நெல்லோடு மாரடித்தவனின் பக்கச்சார்பு என்று நினைத்தாலும் பரவாயில்லை.

அங்குள்ள பழங்குடியினரான ஒஜிப்வே மக்கள் மனோமின் என்று அழைக்கும் இந்தத் தானியம் எங்கள் நெல்லின் பேரினத்தைச் சேர்ந்ததன்று. தூரத்து உறவுடைய நீர்ப்புல். ஆழமற்ற ஏரிகளிலும் மெதுவாக ஓடும் ஆறுகளிலும், ஏறத்தாழ அரை அடியிலிருந்து மூன்று அடி வரையான நீரில் தானாகவே முளைக்கும். உழவும் இல்லை, நாற்றுமேடையும் இல்லை. இலையுதிர் காலத்தில் விழும் மணி சேற்றில் குளிர்காலத்தைக் கழித்து மறுவசந்தத்தில் முளைக்கிறது. கோடைத் தொடக்கத்தில் அதன் இலைகள் நீர்மட்டத்தில் மிதந்து கிடக்கும் பருவம் ஒன்று உண்டு. அந்தச் சில வாரங்களில் நீர்மட்டம் திடீரென உயர்ந்தால் பயிர் வேரோடு மிதந்துவிடும். பாய்ச்சல் நேரத்தில் துருசைத் திறப்பதா மூடுவதா என்று கமக்காரர் அமைப்புக் கூட்டங்களில் சண்டை பிடித்தவர்களுக்கு இந்த நுணுக்கம் உடனே விளங்கும். அங்கே அணைக்கட்டுக்கும் காட்டரிசிக்கும் இடையிலான பிணக்கு இதே வகையானது.

அறுவடை ஓகஸ்ற் கடைசியிலும் செப்ரெம்பரிலும் நடக்கும். ஒரு வள்ளத்தில் இருவர் செல்வர். ஒருவர் நீண்ட கழியால் ஊன்றி வள்ளத்தை நகர்த்த, மற்றவர் இரண்டு இலேசான மரத்தடிகளால் கதிரை வள்ளத்தின் மீது வளைத்துத் தட்டுவார். முற்றிய மணி மாத்திரமே உதிரும். சில நீருக்குள் விழுந்து அடுத்த ஆண்டுக்கு விதையாகும். பின்னர் உலர்த்தி, தாச்சியில் வறுத்து, காலால் மிதித்து உமி நீக்கி, பேர்ச்சு மரப்பட்டையால் செய்த தட்டில் புடைத்தெடுப்பார்கள். சூடு மிதிப்பையும் சுளகையும் அறிந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதைப் படம் போட்டு விளக்கத் தேவையில்லை. கையால் அறுவடை செய்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வள்ளத்தின் நீளத்துக்கும் தட்டும் தடியின் அளவுக்குங்கூடச் சட்டம் உண்டு.

காட்டரிசி வளரும் நீரில் சல்பேற்று ஒரு லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்று மினசோட்டா 1973இல் நியமம் வகுத்தது. சேற்றில் அந்தச் சல்பேற்று சல்பைட்டாக மாறி வேரைத் தாக்குகிறது. சல்பேற்று வருவதோ பெரும்பாலும் சுரங்கப் பகுதிகளிலிருந்தும் கழிவுநீரிலிருந்தும். வடக்கிலுள்ள மெசாபி மலைத்தொடர் அமெரிக்காவின் மிகப்பெரிய இரும்புத்தாதுப் பகுதி ஆகையால், வேலையா தானியமா என்ற வாதம் அங்கே ஓய்ந்தபாடில்லை. 2018இல் வைற் ஏர்த் பழங்குடியினர், இத்தானியத்துக்கே சட்டபூர்வ உரிமைகள் உண்டு என்று தங்கள் சட்டத்தில் எழுதிவிட்டார்கள்.

கடைகளில் விற்கும் காட்டரிசியில் பெரும்பகுதி வரம்பு கட்டிய வயல்களில் இயந்திரத்தால் அறுவடை செய்யப்படுவது. ஏரியில் தட்டியெடுத்தது விலை கூடியது, நிறமும் வேறு. மாணவர் இரண்டையும் ஒன்றாகக் கருதக்கூடாது. இன்னுமொன்று: கோதுமையில் பசுமைப் புரட்சிக்கு வித்திட்டு 1970இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற நோர்மன் போர்லாக் அயோவாவில் பிறந்தவர் என்றாலும், பயிர் நோயியலில் 1942இல் கலாநிதிப் பட்டம் பெற்றது மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில்.

---

கிளிநொச்சி வாசகர் எழுதியது:

மேலே ஐயாவும் நெடுங்கேணி அண்ணாவும் எழுதியவை பயனுள்ளவை. ஆனால் மண்ணையும் நீரையும் தானியத்தையும் சொல்லிவிட்டு அந்த நிலம் யாரிடமிருந்து பெறப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் கண்காட்சி குறைபட்டுப்போகும். என்னுடைய கருத்துப்படி தொடங்க வேண்டியது கொடியிலிருந்துதான்.

மினசோட்டா 2024 மே 11ஆம் திகதி புதிய கொடியை ஏற்றது. இடப்புறத்தில் மாநிலத்தின் உருவை நினைவூட்டும் கருநீலப் பகுதி, அதில் எட்டு முனைகளுடைய வெள்ளை நட்சத்திரம், வலப்புறத்தில் வெளிர்நீலம். வடக்கு நட்சத்திரம் என்ற மாநில மகுடவாசகத்தையும் நீரையும் அது காட்டுகிறது. பழைய கொடியின் நடுவில் மாநில முத்திரை இருந்தது. அதில் வெள்ளையர் ஒருவர் நிலத்தை உழுதுகொண்டிருப்பார்; அவருடைய துவக்கு அருகிலுள்ள மரக்கட்டையில் சாய்ந்திருக்கும்; பழங்குடியினர் ஒருவர் குதிரையில் போய்க்கொண்டிருப்பார். யார் வருகிறார், யார் போகிறார் என்பதை அந்தப் படம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. 2023இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழு பொதுமக்களிடமிருந்து 2,000க்கும் மேற்பட்ட வடிவங்களைப் பெற்று இரண்டையும் மாற்றியது. புதிய முத்திரையில் லூன் பறவையும் காட்டரிசியும் இடம்பெற்றிருக்கின்றன. பழைய கொடியே வேண்டும் என்போரும் அங்கே இருக்கிறார்கள் என்பதை மாணவர் மறைக்க வேண்டியதில்லை.

படத்தின் பின்னாலுள்ள வரலாறு கடுமையானது. தெற்கில் டகோட்டா மக்களும் வடக்கில் ஒஜிப்வே மக்களும் வாழ்ந்த நிலம் அது. 1851இன் ஒப்பந்தங்களால் டகோட்டா மக்கள் ஆற்றோரத்திலுள்ள ஒடுங்கிய நிலத்துண்டுக்குள் ஒதுக்கப்பட்டார்கள். 1862இல் அந்த நிலத்துக்காக அரசு கொடுக்கவேண்டிய பணம் தாமதமானது. வணிகர்கள் கடனுக்கு உணவு தர மறுத்தார்கள். பட்டினி முற்றி ஓகஸ்றில் போர் வெடித்தது. சில வாரங்களில் குடியேறிகளும் டகோட்டாக்களுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இராணுவ விசாரணையில் 303 பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி லிங்கன் கோப்புகளைப் பார்த்து எண்ணிக்கையைக் குறைத்த பின்னரும், டிசெம்பர் 26ஆம் திகதி மன்கேற்றோ நகரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நிறைவேற்றப்பட்ட மிகப்பெரிய மரணதண்டனை அதுவே. போரில் ஈடுபடாத பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் அந்தக் குளிர்காலத்தை சினெல்லிங் கோட்டையின் கீழேயிருந்த முகாமில் கழித்தார்கள். அங்கே நோயால் பலர் இறந்தனர். மறு ஆண்டு டகோட்டாக்களை மாநிலத்திலிருந்து வெளியேற்றச் சட்டமே இயற்றப்பட்டது. முள்வேலியும் முகாமும் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவேண்டியதில்லை. திகதிகளையும் எண்களையும் சரியாக எழுதினால் போதும். இன்று மாநிலத்தில் 11 பழங்குடி நாடுகள் அரசால் அங்கீகரிக்கப்பட்டுள்ளன: ஏழு ஒஜிப்வே, நான்கு டகோட்டா.

பின்னர் வந்தவர்களுள் ஜேர்மானியர், நோர்வேஜியர், சுவீடியர் பற்றி எல்லா நூல்களிலும் இருக்கும். லாவோஸ் போருக்குப் பின்னர் அகதிகளாக 1970களின் நடுப்பகுதியிலிருந்து வந்த மொங் மக்களையும், 1990களிலிருந்து வந்த சோமாலியரையும் பற்றி எழுதச் சொல்லுங்கள். சென்ற் போலில் பிறந்த மொங் இனத்தவரான சுனிசா லீ, 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் சீருடற்பயிற்சியில் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கத்தை வென்றார்.

---

ஒட்டுசுட்டான் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. காட்டரிசிப் பந்தியை வாசித்துக் காட்டியபோது மாணவி ஒருத்தி தன் அம்மம்மாவின் சுளகைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள். கொடியில் தொடங்குவதா பனிக்கட்டியில் தொடங்குவதா என்று குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது, நான் தலையிடவில்லை. பார்க்கத்தக்க இடங்களைப் பற்றி எவரும் எழுதவில்லையே. பிள்ளைகளின் பட்டியலில் முதலில் இருப்பது அமெரிக்காப் பேரங்காடி. லூன் பறவையைப் பற்றியும் ஓரிரு வரிகள் வேண்டும். பலகையில் இடம் குறைவு.

---

நெடுங்கேணியான் எழுதியது:

ரீச்சர், புளூமிங்ரனிலுள்ள அந்தப் பேரங்காடி 1992இல் திறந்தது, மிகப் பெரியது, உள்ளே பிள்ளைகளுக்கான கேளிக்கைப் பூங்காவும் இருக்கிறது. விருந்தினர் வந்தால் நானும் கூட்டிச்செல்வதுண்டு. ஆனாலும் புவியியல் கண்காட்சியில் அதற்கு வேலையில்லை.

இடம் குறைவென்றால் மூன்றைப் பரிந்துரைப்பேன். முதலாவது இற்றாஸ்கா ஏரி. ஏறத்தாழ 3,770 கிலோமீற்றர் ஓடும் மிசிசிப்பி ஆறு அங்கே சிற்றோடையாகப் புறப்படுகிறது. வரிசையாகக் கிடக்கும் கற்களின் மேல் கால்வைத்துச் சிறுபிள்ளைகளே அதைக் கடந்துவிடுவார்கள். 1832இல் ஹென்றி ஸ்கூல்கிராவ்ற் அதைக் "கண்டுபிடித்தார்" என்று புத்தகங்களில் இருக்கும். அவருக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றவர் ஒசாவின்டிப் என்ற ஒஜிப்வே தலைவர். கிளிநொச்சித் தம்பிக்கு இது பிடிக்கும்.

இரண்டாவது ஹிப்பிங். ஊருக்கு அடியிலேயே இரும்புத்தாது இருந்ததால், 1919 முதல் வீடுகளையும் கட்டடங்களையும் மரத்தண்டுகள் மேல் உருட்டி, சில கிலோமீற்றர் தெற்கே ஊரையே இடமாற்றினார்கள். பழைய ஊர் இருந்த பகுதியை இன்று திறந்த சுரங்கப் பள்ளம் விழுங்கியிருக்கிறது. அதைப் பார்வையிடத்தக்க மேடை உண்டு. 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பாடகர் பொப் டிலன் வளர்ந்தது இந்த ஊரில்தான், பிறந்தது டுலூத்தில்.

அந்த டுலூத் மூன்றாவது. ஹிப்பிங்கின் தாது புகையிரதத்தில் வந்து கப்பலேறும் துறைமுகம் அது. கப்பல் வரும்போது நடுப்பகுதி முழுவதும் செங்குத்தாக மேலெழும் பாலம் அங்கே இருக்கிறது. 1905இல் அமைக்கப்பட்டு, 1930 அளவில் இன்றைய தூக்குப்பாலமாக மாற்றப்பட்டது. கடலிலிருந்து 3,700 கிலோமீற்றர் உள்ளே கடற்கப்பலைக் காண்பது மினசோட்டாவுக்கு வருபவர்களுக்கு என்றும் வியப்புத்தான். இந்த மூன்று இடங்களையும் இணைத்தால் பனிக்கட்டி, ஆறு, இரும்பு, துறைமுகம் என்று கதை தானாகவே நகரும். இன்னும் இடமிருந்தால் மினியாபொலிசின் சென்ற் அந்தனி நீர்வீழ்ச்சியைச் சேருங்கள். அதன் நீர்விசையில் ஓடிய ஆலைகளால்தான் 1880 முதல் அரை நூற்றாண்டு காலம் அந்நகர் உலகின் மாவரைக்கும் தலைநகர் எனப்பட்டது. மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளை இருந்தால் றொச்செஸ்ரர் நகரின் மேயோ மருத்துவமனையைப் பற்றி எழுதலாம்: 1883இல் சுழற்காற்று அந்த ஊரைச் சிதைத்த பின்னர் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் முன்வந்து 1889இல் மருத்துவமனை திறக்க, மேயோ என்ற மருத்துவரும் அவருடைய இரு மகன்மாரும் அதில் பணியாற்றினார்கள்.

லூனைப் பற்றி: எங்கள் குளங்களில் திரியும் முக்குளிப்பானைப் போல அதுவும் மூழ்கி மீன் பிடிக்கும், ஆனால் உருவில் வாத்தைவிடப் பெரியது. பறவைகளின் எலும்புகள் பொதுவாகப் பொள்ளலாக இருக்க, இதன் எலும்புகள் பலவும் திண்மமானவை. அது ஆழத்துக்கு இறங்க உதவுகிறது. கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால் தரையில் நடக்கத் தடுமாறும். கோடையில் கண் சிவப்பாக இருக்கும். இரவில் அது எழுப்பும் ஓலத்தைக் கேட்டு, வந்த புதிதில் ஏதோ ஆபத்தென்று எழுந்திருந்தவர்கள் எங்கள் ஆட்களில் பலர்.

கடைசியாக ஒரு யோசனை. சுப்பீரியர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீற்றர். இலங்கையின் பரப்பு 65,610. இலங்கையின் உருவத்தை ஏரியின் அதே அளவுத்திட்டத்தில் மட்டையில் வெட்டி, ஏரிக்கு அருகில் தொங்கவிடச் சொல்லுங்கள். ஏரி ஒடுங்கி நீண்டது என்பதால் நேராக மேலே வைத்தால் பொருந்தாது. பக்கத்தில் வைத்தாலே ஒப்பீடு புரியும். அளவுத்திட்டத்தை வரைபடத்தின் கீழே எழுதத் தவறவேண்டாம், நடுவர்கள் முதலில் புள்ளி குறைப்பது அதற்குத்தான்.